ரதி தின்ற லேகியம்

சிவசாமிக்கு வருஷத்தில் பதினோரு மாதம் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் சீவி, அடுத்த கொழுந்துக்கு வழி பண்ணுகிற வேலை. மீதி ஒரு மாதம், அந்த மாசி மாதம், அவன் ரதி. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மலையேறிப் போனால் வரும் அந்தத் தோட்டத்து மேல்பிரிவில், அவனை சிவசாமி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவும் கங்காணியும்தான். மற்ற எல்லாருக்கும் அவன் ரதியண்ணன். அதை அவன் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை. யாராவது மறந்துபோய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் முகம் சுண்டிப் போகும்.

காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவது ஆம்பளைதான். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிந்து சாம்பலாகிறான், ரதி புரண்டு அழுகிறாள், கதை அவ்வளவுதான். ஆனால் எரிவதற்கு முன்னால் ரதியும் மதனும் வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தப்புச் சத்தத்துக்கு ஆட வேண்டும். அந்த ஆட்டத்துக்காகத்தான் ஊரே காத்திருக்கும். சிவசாமி ஆடுகிறான் என்றால் கொழுந்து பறிக்கிற பெண்கள் பெட்டியில் மடித்து வைத்த கல்யாணச் சேலையை எடுத்து, என்னுடையதைக் கட்டு, என்னுடையதைக் கட்டு என்று போட்டி போடுவார்கள். அவன் பொண்டாட்டி காளியாயிக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. அவள் கட்டினால் அந்தச் சேலை அவ்வளவு எடுப்பாக இராது.

மதன் வேஷம் கந்தப்பனுக்கு. இருவரும் ஒரே லயத்தில் ஒரே வருஷம் பிறந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் சேர்ந்து பேர் பதிந்தவர்கள். சிவசாமியை மலைக்கு அனுப்பினார்கள். கந்தப்பனை ஸ்டோருக்கு, அதாவது தேயிலை அரைக்கிற பாக்டரிக்கு அனுப்பினார்கள். அங்கே மேல்மாடியில் கொழுந்தை உதறிப் பரப்பி வாட்டுவது அவன் வேலை. மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டு இருபது வருஷம் சண்டை சச்சரவு இல்லாமல்தான் இருந்தார்கள்.

ஐம்பத்துமூன்றாம் வருஷ மாசியில் அது கெட்டது. மூன்றாம் லயத்து வாசலில் ஆடிக்கொண்டிருந்தபோது, இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பேச்சியம்மா, யாருக்கும் பயப்படாத வாய்க்காரி, உரக்கச் சொன்னாள்.

“இதென்னாடி, மதனுக்குப் பக்கத்துல அவுங்க ஆத்தாள ஆட விட்டிருக்காங்க?”

தப்புக்காரர்கள் அடியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். கிழடு கட்டைகள் சிரித்தார்கள். அதையெல்லாம் சிவசாமி பொறுத்திருப்பான். பேச்சியம்மா வாய்க்குத் தப்பியவர் யார்? ஆனால் பக்கத்தில் கரும்பு வில்லைப் பிடித்துக்கொண்டு நின்ற கந்தப்பனும் சிரித்தான். வில் குலுங்கச் சிரித்தான். அது மட்டுமா, கூத்து முடிந்து வேஷம் கலைக்கும்போது, கூத்து மாஸ்டர் முத்துலிங்கத்திடம், சிவசாமி காதில் விழும்படியே சொன்னான்.

“மாஸ்டர், அடுத்த வருஷம் ரதிக்குக் கீழ்ப்பிரிவு அழகனப் பாக்கலாங்களா? பயலுக்கு மொகம் பளிச்சுன்னு இருக்கு.”

முத்துலிங்கம் இரண்டு பக்கமும் நோகாமல் பேசுகிறவர். “அடுத்த வருஷம் காப்புக் கட்டுற அன்னைக்கு மொகத்தப் பாத்துச் சொல்லுவோம்” என்று முடித்துவிட்டார்.

காப்புக் கட்டுவது என்றால் சின்ன விஷயமில்லை. மூன்றாம் பிறை பார்த்து, காமன் பொட்டலில் கம்பம் நட்டு, ரதிக்கும் மதனுக்கும் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால், காமன் எரிகிற வரைக்கும் யாராலும் ஆளை மாற்ற முடியாது. ஆக, சிவசாமியின் ரதிக்கு ஒரு வருஷம் கெடு. அந்த ஒரு வருஷமும் அவன் தன் முகத்தைப் பார்த்ததை விடக் கந்தப்பன் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

அடேயப்பா, என்ன பார்வை அது! பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பார்த்தான். சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்று பிடரியைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை முடிவெட்ட உட்கார்ந்தால், கந்தப்பன் மடியில் விழுகிற மயிரில் ஒரு வெள்ளையாவது இருக்கிறதா என்று குனிந்து தேடினான். இல்லை. கண்ணோரத்தில் சுருக்கம் இல்லை. கழுத்தில் மடிப்பு இல்லை. ஒரே வருஷம் பிறந்தவனுக்கு எப்படி இல்லாமல் போகும்? ஏதோ தின்கிறான் என்று சிவசாமி முடிவு கட்டினான். அந்த முடிவுக்கு ஏற்றாற்போல், ஒருநாள் தலவாக்கலை கடைத்தெருவில், நாட்டு மருந்துக் கடையிலிருந்து கந்தப்பன் எதையோ துண்டில் சுற்றிக்கொண்டு இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அடுத்த சம்பளத்துக்கு அவன் அதே கடையில் போய் நின்றான். வைத்தியர் தாடியைத் தடவிக்கொண்டு, சித்தர்கள் காலத்துக் காயகற்பம், நரையும் திரையும் வந்த வழி தெரியாமல் ஓடும் என்றார். பீங்கான் ஜாடியில் கறுப்பாக ஒரு லேகியம். கருப்பட்டி வாசமும் துருப்பிடித்த இரும்பு வாசமும் சேர்ந்து வந்தது. கொட்டைப்பாக்கு அளவு, வெறும் வயிற்றில். பத்தியம் உண்டு. புளி ஆகாது, கருவாடு ஆகாது, தேத்தண்ணி ஆகாது.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனைத் தேத்தண்ணி குடிக்காதே என்றால் எப்படி! விடியற்காலைக் குளிரில் கையில் கத்தி நிற்பதே அந்தச் சாயத்தண்ணி தரும் சூட்டில்தான். சிவசாமி அதையும் விட்டான். கேட்டவர்களிடம் வாய்வு என்றான். காளியாயி இரண்டு நாள் நம்பினாள். மூன்றாம் நாள் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்த ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னாங்க இது?”

“கந்தப்பன் திங்குறது.”

“அவரு திங்குறத நீங்க பாத்தீங்களா?”

“கடையில பாத்தேன்.”

காளியாயி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, அவரு ஸ்டோருக்குள்ள நெழல்ல நின்னு கொழுந்த வாட்டுறாரு. நீங்க மலையில வெயில்லயும் பனியிலயும் நின்னு மொகத்த வாட்டுறீங்க. இதுக்கு லேகியம் என்னா செய்யும்?”

அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பொறாமை பிடித்தவன் காதில் நியாயம் ஏறினதாக எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை. சிவசாமி ஜாடியை வாங்கி மறுபடியும் விறகுக்குப் பின்னால் வைத்தான்.

லேகியம் வேலை செய்தது. அதுதான் வினை. ஐப்பசியில் தொடங்கினான், மார்கழிக்குள் கன்னம் இரண்டும் உப்பி வந்தன. கண்ணோரச் சுருக்கம் போன இடம் தெரியவில்லை. நெற்றி வழவழவென்று மினுங்கியது. பீலியடியில் பெண்கள் நின்று பார்த்தார்கள். “என்னா ரதியண்ணே, எளந்தாரி கணக்கா ஆயிட்டீங்க!” என்று பேச்சியம்மாவே சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் பத்து ஜாடி தின்னலாம் என்று தோன்றியது. அதைவிட ருசி, கந்தப்பன் ஒன்றும் சொல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றதுதான். பாருடா, நல்லாப் பாரு என்று சிவசாமி மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

சாயங்காலத்தில் கால் கனத்தது. சலங்கை கட்டிப் பார்த்தபோது வார் எட்டவில்லை. வாயில் எப்போதும் ஒரு தகரச் சுவை. இதையெல்லாம் அவன் வெளியே சொல்லவில்லை, தனக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை. பொங்கல் கழிந்து ஒருநாள் கவ்வாத்துக் கத்தி முழங்காலுக்குக் கீழே பட்டுவிட்டது. கட்டுப் போடத் தோட்டத்து மருந்துச் சாலைக்குப் போனான். அங்கே மருந்து கொடுக்கிற வியாகுலம், பேச்சுக் கம்மியான மனுஷர், காயத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். விரல் எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது.

“மொகம் எப்ப இருந்து இப்புடி?”

“நல்லா இருக்குங்களா ஐயா?” சிவசாமிக்கு வெட்கமாகச் சிரிப்பு வந்தது.

“இது வீக்கம் சிவசாமி. ஒடம்புல நீர் கோத்திருக்கு. ஒண்ணுக்குச் சரியாப் போகுதா?”

“கொஞ்சம் கம்மிங்க.”

“என்னா சாப்புடுற?”

முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு வாய்வுக்கு என்றான். கடைசியில் உள்ளதைச் சொன்னான். வியாகுலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அத இன்னையோட நிப்பாட்டு. இப்ப நிப்பாட்டினா வத்திப் போகும். இல்லாட்டி ஒண்ணுக்குப் போறதே நின்னு, ஆள் போயிருவ.”

“நிப்பாட்டினா மொகம்?”

“பழைய மொகந்தான்.”

“காமன் முடிஞ்சு நிப்பாட்டலாங்களா ஐயா?”

வியாகுலம் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிவசாமி பார்த்தான்.

வீட்டுக்கு வந்து ஜாடியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காளியாயி அழுதாள், கத்தினாள், பிள்ளைகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள். காப்புக் கட்ட ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரத்தில் ஒருவன் செத்துவிடுவானா? அதுவரை தின்றுவிட்டு, கையில் கயிறு ஏறினதும் நிறுத்தினால் என்ன? எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைக் கேட்டு எல்லாரும் சிரிக்கிறோம். அறுத்துக்கொள்ளும்போது அவனுக்கு வலித்திருக்காது. மறுநாள் காலையும் சிவசாமி கொட்டைப்பாக்கு அளவு எடுத்து விழுங்கினான்.

அந்த வாரக் கடைசியில், பொழுது சாயும் நேரத்தில், கந்தப்பன் தேடி வந்தான். இஸ்தோப்பில் உட்கார்ந்து, வெற்றிலை மடித்து, போடாமலே கையில் வைத்திருந்தான்.

“மச்சான், ஒன்னய ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது.”

“கேளு.”

“நீ என்னாதான் சாப்புடுற? எனக்கு முடி கொட்டுது மச்சான். ஒனக்குப் பக்கத்துல நின்னா என்னய மாமனாருன்னு சொல்லுவாங்க. ஸ்டோருல இப்பவே சொல்றானுக.”

“ஏன், நீயும்தான் அந்தக் கடையில வாங்குறியே? பாத்தேனே.”

“அது மாமியாருக்கு மொழங்கால் எண்ணெ.”

சிவசாமிக்கு ஜிவ்வென்று ஏறியது. இவன் ஒன்றும் தின்னவில்லை! இருபது வருஷமாக ஒன்றும் தின்னாமலே இப்படி இருந்தவன், இப்போது தன்னைப் பார்த்து வயிறெரிந்து வந்து நிற்கிறான். கல்யாணத்தன்று கூட அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எழுந்து உள்ளே போனான். காளியாயி கதவை மறித்து, “வேணாங்க, பாவங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவளைத் தள்ளிக்கொண்டு, பாதி இருந்த ஜாடியைக் கொண்டுவந்து கந்தப்பன் கையில் கொடுத்தான்.

“வெறும் வயித்துல. தேத்தண்ணி குடிக்காத.”

தன் உயிருக்கு ஆபத்து என்றபோது நிறுத்தாத மனுஷன், அப்படித்தான் லேகியத்தை நிறுத்தினான். ஜாடி போனதில் அவனுக்கு வருத்தமே இல்லை. எரிகிற மருந்து எதிரி வயிற்றில் எரியட்டும் என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தான். அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வியாகுலம் சொன்னபடி வற்றியது. கால் வற்றியது, கை வற்றியது, முகமும் வற்றியது. சுருக்கம் வட்டியோடு திரும்பி வந்தது. உப்பியிருந்த தோல் தொங்கிப் போனதால் முன்னைவிடக் கிழமாகத் தெரிந்தான். அதே நேரம் கந்தப்பன் கன்னம் பூரித்து, நெற்றி மினுங்கி, ஸ்டோர் படியில் மாப்பிள்ளை போல இறங்கி வந்தான். பீலியடிப் பெண்கள் இப்போது அவனைப் பார்த்தார்கள். என் ஜாடி, என் முகம் என்று சிவசாமிக்கு நெஞ்சு வெந்தது. காப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் மறுபடியும் தலவாக்கலைக்கு பஸ் ஏறினான்.

புது ஜாடியைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினால், கடை வாசலில் கந்தப்பன். அவனும் அடுத்த ஜாடிக்கு வந்திருந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “மச்சான், பாத்தியா நம்ம மொகத்த?” என்றான். சிவசாமி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தான். கந்தப்பன் செருப்பில்லாமல் நின்றான். பாதம் இரண்டும் வேகவைத்த கிழங்கு போல வெடிக்கப் பார்த்தன.

“செருப்பு எங்க?”

“ஏற மாட்டேங்குது மச்சான். ரெண்டு நாளாக் கண்ணும் மங்குது, பித்தமா இருக்கும்.”

தன் காலில் வியாகுலம் விரல் பதித்த குழி சிவசாமிக்கு ஞாபகம் வந்தது. இவனுக்கு நாலு பிள்ளைகள். பெரியவள் சமைந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

“கந்தப்பா, அத இனிமே திங்காத. அது விஷம். வியாகுலம் ஐயா சொன்னாரு. அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

கந்தப்பன் அவன் முகத்தைப் பார்த்தான், தொங்கிப் போன கன்னத்தைப் பார்த்தான், பிறகு கையிலிருந்த புது ஜாடியைப் பார்த்தான்.

“விஷத்த நீ எதுக்கு வாங்கிக்கிட்டுப் போற?”

சிவசாமி ஜாடியைப் பலகையில் திருப்பி வைத்தான். “இந்தா, வச்சுட்டேன். நானும் வாங்கல” என்றான்.

“என் மொகம் ஒனக்கு எரியுது மச்சான். வயித்தெரிச்சல்ல பேசாத” என்று சொல்லிவிட்டு, கந்தப்பன் அந்த ஜாடியையே எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போனான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. எரியத்தான் செய்தது. எரிச்சலும் நிஜம், பயமும் நிஜம் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

சிவசாமி மறுநாள் கந்தப்பன் வீட்டுக்கும் போனான். கந்தப்பன் பொண்டாட்டி மீனம்மா, ‘அவரு நல்லா இருக்கிறது ஒங்களுக்குப் பொறுக்கலையா’ என்று முகத்துக்கு நேரே கேட்டாள். வியாகுலத்தைக் கூட்டிக்கொண்டு போனான். ரதி பேச்சைக் கேட்டு ஐயாவும் வந்துட்டாரா என்று கந்தப்பன் அவருக்கும் கால் காட்ட மறுத்துவிட்டான்.

மூன்றாம் பிறை வந்தது. காமன் பொட்டலில் கம்பம் நட்டு, தப்படித்து, பிரிவே கூடி நின்றது. முத்துலிங்கம் மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. கயிறு கட்டுவதற்கு முன்னால் ரதியையும் மதனையும் கம்பத்தைத் தொடச் சொல்லி, மனக்கசப்பு ஏதும் உண்டா என்று கேட்பார். இல்லை என்று இருவரும் சொல்ல வேண்டும். எல்லா வருஷமும் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். இந்த வருஷம் மாஸ்டர் இருவர் முகத்தையும் ஏற இறங்கப் பார்த்தார். சுற்றிலும் இருந்தவர்களும் பார்த்தார்கள். சிவசாமி தொங்கின கன்னத்தோடு நின்றான். ஆனாலும், பாவம், இத்தனை வருஷம் ஆடினவன் என்று மாஸ்டர் மஞ்சள் கயிற்றை அவன் பக்கம்தான் நீட்டினார்.

“ரதிக்கும் மதனுக்கும் மனக்கசப்பு உண்டா?”

கந்தப்பன் இல்லை என்றான். சிவசாமி கம்பத்திலிருந்து கையை எடுத்தான்.

“உண்டு மாஸ்டர். போன மாசியிலேருந்து எனக்கு இவன் மேல பொறாம. அதுலதான் கண்ட மருந்தயும் தின்னேன். அது விஷம்னு தெரிஞ்சுக்கிட்டே இவனுக்கும் குடுத்தேன். இப்ப திங்காதன்னா நம்ப மாட்டேங்குறான். ரதிய அழகனுக்குக் கட்டுங்க. நான் இனி ஆடல.” கந்தப்பனிடம் திரும்பினான். “ஒனக்குப் பக்கத்துல இனி நான் நிக்கப் போறதில்ல. எனக்கு ஒன் மொகம் எப்புடி இருந்தா என்னா? இப்பயாவது அந்த ஜாடியத் தூக்கி வீசு.”

கந்தப்பன் அவனைப் பார்த்தான். ரதி வேஷத்தை விடுவது சிவசாமிக்கு என்ன என்று அந்தப் பொட்டலில் கந்தப்பனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? மெல்லக் குனிந்து, தன் கணுக்காலைத் தானே விரலால் அழுத்திப் பார்த்தான். எடுத்த விரலைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கே வியாகுலத்திடம் போனான், பிழைத்துக்கொண்டான். வாரம் இரண்டில் கால் வற்றி, மெலிந்துபோன மதனாக லயம் லயமாக ஆடி வந்தான். பக்கத்தில் அழகன். பத்தொன்பது வயசு. யாரோ கொடுத்த பச்சைக் கல்யாணச் சேலை, இடுப்பு வளைகிற வளைவு, மைதீட்டின கண்ணை ஒரு சுழற்றுச் சுழற்றி நிறுத்துகிற நிறுத்தம்.

நல்ல காரியம் செய்தவனுக்கு மனசு குளிரும் என்பார்கள். சிவசாமிக்கு எங்கே குளிர்ந்தது? முன்பு ஒருவனைப் பார்த்து வெந்தான், இப்போது இரண்டு பேரைப் பார்த்து வெந்தான். தன் வீட்டு வாசலில் அவர்கள் ஆடியபோது, இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு, அழகனின் கால் பிசகுகிறதா, கை பிசகுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற காளியாயியிடம் குனிந்து கேட்டான்.

“பயலுக்குத் திரும்புற எடம் சரியா வரல, என்ன?”

காளியாயிக்குப் புருஷனிடம் பொய் சொல்லத் தெரியும். எத்தனையோ சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு ஏனோ ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டாள்.

“இல்லீங்க. ரொம்ப நல்லா ஆடுறான்.”